இல்லாத தெருவுக்கு வழி சொல்வது

கேட்டவர் இரண்டே வரியில் கேட்டிருக்கிறார்: “நகரங்கள் இடிந்தும் எழுந்தும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய நகரத்தை நினைவுகூரும் கதைகளும் கவிதைகளும் வெறும் ஏக்கப் புலம்பல்தானா, அல்லது அவற்றைச் சாட்சியாக நம்பலாமா?” இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. “அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது” என்ற பாட்டைத் தாண்டி இலக்கியம் எதையாவது சொல்கிறதா என்பது ஒன்று. இடம் போன பிறகு, அந்த இடத்தைப் பற்றிய எழுத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடக் குறைவாகத்தான் சொல்வேன். 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பிலக்கியம் கற்பித்துவருகிறேன். பிரெஞ்சு, ஜெர்மன், துருக்கி நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அந்த மொழிகளின் ஓசையைப் பற்றி நான் வாய் திறந்தால் நம்ப வேண்டாம். நூல்களின் கட்டுமானத்தைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

வழி கேட்பவரிடம் இல்லாத ஒன்றை அடையாளமாகச் சொல்லும் பழக்கம் எல்லா நகரங்களிலும் உண்டு. “பழைய தியேட்டர் இருந்ததே, அதற்கு எதிர்ச்சந்து” என்பார்கள். சொல்பவருக்கு அந்தத் தியேட்டர் இன்னும் நிற்கிறது. கேட்பவர் கண்ணுக்கு அங்கே இருப்பது ஏழு மாடிக் கட்டடம். இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் ஒரே நகரத்தில் இல்லை. நகரத்தையும் நினைவையும் பற்றிய நல்ல எழுத்தெல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது என்பது என் எண்ணம். போன கட்டடத்தை மீட்டுத் தருவதாக அது வாக்குக் கொடுப்பதில்லை. கட்டடம் போன வேகம் ஒன்று, மனம் அதை விட்டுக்கொடுக்கும் வேகம் வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் அது அளந்து பார்க்கிறது.

பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் ‘அன்னம்’ என்ற கவிதை இதற்கு நல்ல சான்று. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரியின் பொறுப்பில் பாரிஸ் நகரம் அறுத்துத் தைக்கப்பட்டது. பழைய சந்துகளைக் கிழித்துக்கொண்டு அகலச் சாலைகள் போயின. அந்தக் காலத்தை ஒட்டியே லூவ்ர் அரண்மனையின் அருகில் நெருக்கியடித்து நின்ற குடியிருப்பு ஒன்றும் துடைத்தெடுக்கப்பட்டது. அந்தப் புதிய வெட்டவெளியைக் கடந்து நடக்கும் ஒருவனின் மனத்தில் ஓடுவதுதான் கவிதை. ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பின் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் அது சேர்ந்தது. நகரத்தின் உருவம் மனித இதயத்தைவிட வேகமாக மாறிவிடுகிறது என்று அதில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு வாக்கியம் வருகிறது. எல்லோரும் எடுத்தாளும் வாக்கியம் அதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து வருவது. பழைய இடம் அழகானது என்று போதலேர் சொல்லவே இல்லை. அவருக்கு நினைவில் வருபவை தட்டிக் குடில்கள், அரைகுறையாகச் செதுக்கிக் குவித்த தூண்தலைகள், களைப்புல், குட்டைத் தண்ணீரில் பாசி பிடித்த கற்கள், ஜன்னலுக்குள் மினுங்கும் தட்டுமுட்டுச் சாமான்கள். அங்கே ஒரு மிருகக் கொட்டகையும் இருந்தது. அதன் கூண்டிலிருந்து தப்பிய அன்னம் ஒன்று, தண்ணீரில்லாத சாக்கடை ஓரம் சிறகைப் புழுதியில் இழுத்துக்கொண்டு நடக்கிறது. அந்த அன்னத்திலிருந்து கவிதை ஆண்ட்ரோமகே என்ற பழங்காலக் கைம்பெண்ணிடம் தாவுகிறது. அங்கிருந்து மூடுபனிச் சுவருக்குப் பின்னால் தன் ஊரின் தென்னைகளைத் தேடும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணிடமும், தீவில் மறக்கப்பட்ட மாலுமிகளிடமும் போகிறது. ஒரு சதுக்கத்தில் தொடங்கிய நினைவு, இடம் இழந்த எல்லோரிடமும் போய் முடிகிறது. இதை ஏக்கம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது.

ஏக்கம் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில் உருவாக்கினார். அப்போது அது ஒரு நோயின் பெயர். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் படுத்த படுக்கையாகிவிடும் நோய். ஊருக்குத் திருப்பி அனுப்பினால் குணமாகும் என்று கருதப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட் இதில் ஒரு முள்ளைச் செருகினார். ஊர் திரும்புகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள், அந்த ஏமாற்றத்தாலேயே குணமும் அடைகிறார்கள் என்றார். எல்லாம் மாறிவிட்டதால் ஏமாந்தோம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்களாம். உண்மையில் அவர்கள் தேடியது அங்கே கழித்த இளமையை. அது எந்த வண்டியிலும் திரும்பி வராது. நகரத்தைப் பற்றிய எந்த நினைவுக் குறிப்பைப் படித்தாலும் நான் முதலில் கேட்பது காண்டின் கேள்வியைத்தான். இந்த ஆள் இழந்தது தெருவையா, வயதையா? இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத எழுத்து பெரும்பாலும் புலம்பலாகவே நின்றுவிடுகிறது. கேட்டுக்கொண்ட எழுத்துக்கு ஓரக்கண்ணால் தன்னையே பார்த்துச் சிரிக்கும் திறன் வந்துவிடுகிறது.

இத்தாலிய எழுத்தாளர் இதாலோ கால்வினோவின் ‘புலப்படாத நகரங்கள்’ 1972இல் வந்தது. அதில் மவுரிலியா என்றொரு நகரம். அங்கே வரும் பயணிக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டும்போதே, அந்த நகரம் முன்பு இருந்த கோலத்தைக் காட்டும் பழைய தபால் அட்டைகளையும் நீட்டுவார்கள். ஊரார் மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்றால் பயணி பழைய நகரத்தைப் புகழ வேண்டும். அதே சமயம் வருத்தத்தை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மவுரிலியா நின்றிருந்த காலத்தில் அதில் யாரும் எந்த அழகையும் கண்டதில்லை. தபால் அட்டையில் ஏறிய பிறகுதான் அதற்கு அழகு வந்தது. ஏக்கத்தைப் பற்றி இதைவிடக் குத்தலான ஒரு பகடியை நான் படித்ததில்லை. கேட்டவருக்கு இருக்கும் சந்தேகம் இலக்கியத்துக்குள்ளேயே உண்டு, அங்கே அது வெளியாரின் விமர்சனத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சரி, ஏக்கத்தைத் தாண்டி இலக்கியம் என்னதான் செய்கிறது? ஒரே இடத்தில் இரண்டு காலங்களை நிறுத்துகிறது. சிக்மண்ட் பிராய்ட் 1930இல் வெளியான ஒரு நூலில் மனித மனத்தை ரோம் நகரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவுமே அழியாமல், எல்லா நூற்றாண்டுகளின் கட்டடங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும் ஒரு ரோம். பார்ப்பவர் பார்வையைச் சற்றே திருப்பினால் போதும், மாளிகை இருக்கும் இடத்தில் பழைய கோயில் தெரியும். இப்படிக் கற்பனையை விரித்துவிட்டு, இது நடக்காது, ஒரே இடத்தில் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று அவரே அதைக் கைவிட்டார். ஓவியத்துக்கு அவர் சொன்னது ஏறக்குறையப் பொருந்தும். வாக்கியத்துக்குப் பொருந்தாது. வாக்கியம் காலத்தில் நகர்வது. முன்பாதியில் கோயிலைக் கட்டிவிட்டுப் பின்பாதியில் மாளிகையை எழுப்ப அதனால் முடியும். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் வாசகன் மனத்தில் தங்கும்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. அதைப் பலரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பட்டினப்பாலையைப் படிப்பவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். அதே பாட்டில், கரிகாலன் அழித்த பகைவர் ஊர்களைப் பற்றிய பகுதி ஒன்று வருகிறது. “பெருவிழாக் கழிந்த பேஎமுதிர் மன்றத்து” என்கிறார் புலவர். பெரிய விழாக்கள் நடந்து ஓய்ந்துபோய், இப்போது அச்சம் குடிகொண்டிருக்கும் மன்றம். அங்கே சிறுபூ நெருஞ்சியும் அறுகம்புல்லும் மண்டிக்கிடக்கின்றன, நரி ஊளையிடுகிறது. “கழிந்த” என்ற பெயரெச்சத்தைப் பாருங்கள். நடந்து முடிந்த விழாவை, இன்று நிற்கும் மன்றத்தின் முதுகில் அந்த ஒற்றைச் சொல் ஏற்றிவைத்துவிடுகிறது. முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி ஆகிவிட்டது என்று பிரித்துச் சொல்லும் தேவையே எழவில்லை. கடந்த காலம் இடத்தின் அடைமொழியாகவே ஆகிவிட்டது. இந்த இலக்கண வசதியால்தான் நம் பழம்பாடல்களில் இடிபாட்டுக் காட்சிகள் இவ்வளவு சுருக்கமாக அமைந்தன என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. ஆசிரியனின் ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே பகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர்களை அழித்த மன்னனின் புகழுக்காகப் பாடப்பட்டது அது. நெருஞ்சிக்கு இரங்கும் குரலும் அழித்தவனை வாழ்த்தும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. நகரம் மாறுவதைப் பற்றிய எழுத்தில் இந்த இரட்டைக் குரல் இன்றுவரை ஓயவில்லை.

நவீனத் தமிழில் என் வகுப்புகளில் திரும்பத் திரும்ப எடுக்கும் நாவல் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. 1966இல் வந்தது. மரம்தான் கதாநாயகன் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் பார்வையில் அது ஓர் இடத்தின் கதை. ஆதியில் மரம் ஒரு குளத்தோடு சேர்ந்து நிற்கிறது. குளம் தூர்க்கப்படுகிறது. சுற்றிலும் பாதைகள் வருகின்றன, கடைகள் வருகின்றன, மரம் நகரவே இல்லை, ஆனால் அது நிற்கும் இடம் சந்தடி மிகுந்த ஜங்ஷன் ஆகிவிடுகிறது. இன்னொரு பக்கம் காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டுப் பூங்கா வருகிறது. முன்பாதியில் இந்த இடத்தின் நினைவு தாமோதர ஆசான் என்ற முதியவரின் வாயில் இருக்கிறது. அவரைச் சுற்றி உட்கார்ந்து இளைஞர்கள் கதை கேட்கிறார்கள். செல்லத்தாயியின் கதை, மன்னர் வந்த கதை. அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஆசானின் கைச்சரக்கு என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையும் யாருக்கும் இல்லை. பின்பாதியில் ஆசான் இல்லை. இப்போது இடத்தைப் பற்றிப் பேசுபவை நகரசபையும் பத்திரிகையும் வியாபாரப் போட்டியும். நாவலின் நடையே மாறிவிடுகிறது. முன்பாதியின் சாவகாசம் போய், பின்பாதியில் வேகமும் சூழ்ச்சியும் கேலியும் வந்துவிடுகின்றன. நாவலின் சாதனை என்று நான் நினைப்பது இந்த நடைமாற்றத்தைத்தான். இடம் மாறியது என்று வருணிப்பது ஒன்று. இடத்தைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிட்டது என்பதை வாக்கியங்களின் ஓட்டத்தில் காட்டுவது அதைவிடக் கடினம். கதை கேட்டு வளர்ந்த இடத்தில் தீர்மானம் போட்டுப் பேச ஆரம்பித்த பிறகு மரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மரத்துக்கு விஷம் வைத்தவன் யார் என்பது இரண்டாம்பட்சம்தான்.

இங்கே மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1945இல் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்தவர். நினைவு என்பது தனியொருவனின் மண்டைக்குள் மட்டும் இருப்பதன்று, ஒரு குழுவின் சட்டகத்துக்குள்தான் நாம் எதையும் நினைவுகூருகிறோம் என்று 1925இல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1950இல் வெளியான நூலில், அந்தச் சட்டகத்தில் இடத்துக்குப் பெரும் பங்கு கொடுத்தார். கற்களை எளிதாக நகர்த்திவிடலாம், கற்களுக்கும் மனிதர்களுக்கும் இடையே விளைந்த உறவை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இல்லாத தியேட்டரை வைத்து வழி சொல்பவர் இதற்கு நடமாடும் உதாரணம். ஹால்ப்வாக்ஸின் கருத்தை இலக்கியத்துக்குப் பயன்படுத்துவது உறுதியான தரை என்றே நினைக்கிறேன். இப்போது அடிக்கடி காதில் விழும் மூளை அறிவியல் விளக்கங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அறியும் நரம்பணுக்களைக் கண்டறிந்தவர்களுக்கு 2014இல் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. அதே ஆண்டு இலக்கிய நோபல் பாத்ரிக் மோதியானோவுக்கு, அவருடைய “நினைவுக் கலைக்காக” கிடைத்ததும் உண்மை. மேடைப் பேச்சுக்கு அருமையான பொருத்தம். எலியின் மூளையில் கண்ட அணுவிலிருந்து பாரிஸ் தெருவைப் பற்றிய நாவலுக்குப் பாலம் போடுவது மட்டும் இன்றைய நிலையில் உவமைதான், விளக்கம் ஆகாது.

நகரத்தை எழுத அதை விட்டுப் போக வேண்டுமா என்ற கேள்வி இதோடு சேர்ந்தே வரும். அயர்லாந்து நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904இல் டப்ளினை விட்டுக் கிளம்பினார். 1912க்குப் பிறகு அங்கே கால் வைக்கவில்லை. ஆனால் 1904 ஜூன் 16 என்ற ஒற்றை நாளின் டப்ளினை ட்ரியெஸ்ட், சூரிக், பாரிஸ் என்று ஊர் ஊராக உட்கார்ந்து எழுதி 1922இல் ‘யுலிசிஸ்’ ஆக வெளியிட்டார். அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, 1952இல் சென்னைக்கு வந்தவர். ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து வருகிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் இன்னொரு விதம். இந்தோனேசியாவின் மேடான் நகரத் தெருவில் நடக்கும்போதே நாயகன் பாண்டியனின் மனத்தில் மதுரைத் தெருக்கள் ஓடுகின்றன. ஒரு நகரம் இன்னொன்றுக்குக் கண்ணாடியாகிவிடுகிறது. இந்த வரிசையைப் பார்த்தால் தூரம்தான் நினைவுக்கு உரம் என்று தோன்றும். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் இதை உடைத்துவிடுகிறார். இஸ்தான்புல் பற்றி 2003இல் வெளியான நூலில், ஊர் விட்டு ஊர் போன எழுத்தாளர்களின் கற்பனை அந்தப் பெயர்ச்சியில் வளர்ந்தது, தன் கற்பனைக்கோ அதே நகரமும் அதே தெருவும் அதே வீடும் தேவைப்படுகின்றன என்கிறார். அசையாமல் உட்கார்ந்திருப்பவனும் அகதியாகலாம், அவனைச் சுற்றி நகரம் கிளம்பிப் போய்விடுகிறது. ஆகவே தூரம் என்பதைக் கிலோமீட்டரில் அளக்க வேண்டியதில்லை.

இனி நம்பகம். ஜாய்ஸ் தன் நண்பர் ஃபிராங்க் பட்ஜனிடம், டப்ளின் ஒருநாள் காணாமல்போனால் தன் புத்தகத்தை வைத்தே அதை மீண்டும் கட்டிவிடலாம் என்று பெருமையாகச் சொன்னார். ரொம்பவும் மேற்கோள் காட்டப்படும் பேச்சு இது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஜாய்ஸ் தகவலில் கண்டிப்பானவர் என்பதில் ஐயமில்லை. டப்ளினின் முகவரிக் கையேட்டை வைத்துக்கொண்டு எழுதினார். தன் கதாநாயகன் புளூம் குடியிருப்பதாகக் காட்டும் எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பிவேலியில் ஏறி ஒரு சாதாரண ஆள் அடிபடாமல் உள்ளே குதிக்க முடியுமா என்று டப்ளினில் இருந்த தன் அத்தைக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். இருந்தும் அந்தப் புத்தகத்தை ஒரு கொத்தனார் கையில் கொடுத்தால் ஒரு சுவரைக்கூட எழுப்ப மாட்டார். கடைகளின் பெயர் இருக்கிறது, யார் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைக் கடந்தார் என்பது இருக்கிறது. கட்டடம் எப்படி இருந்தது என்பது அபூர்வமாகத்தான் வருகிறது. அதில் மிஞ்சுவது பயன்பாட்டின் நகரம். நடந்த பாதை, நின்று பேசிய மூலை, தவிர்த்த சந்து. எக்கிள்ஸ் தெருவின் அந்த வீடு பின்னாளில் இடிக்கப்பட்டது. கதவு மட்டும் தப்பித்து இன்று டப்ளினில் உள்ள ஜாய்ஸ் மையத்தில் இருக்கிறது. ஒருபோதும் வாழாத ஒரு மனிதனின் வீட்டுக் கதவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சிறு வயதில் தினமும் நடந்த ஒரு தெருவை நினைவிலிருந்து தாளில் வரைய வேண்டும். முடிந்தால் பிறகு நேரில் போய்ச் சரிபார்த்து வர வேண்டும். அநேகமாக எல்லோரும் தெருவை நீளமாக வரைந்திருப்பார்கள், குட்டைக் கால்களின் அளவுகோல் அது. வாசல்களின் வரிசை பிசகியிருக்கும். இரண்டு மரங்கள் ஒன்றாகியிருக்கும். எந்த வீட்டைக் கடக்கும்போது ஓடினோம், எந்தத் திருப்பத்தில் காத்திருந்தோம் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமே வருவதில்லை. அதைச் சரிபார்க்க வழியில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இதிலிருந்து பெரிய விதி எதையும் நான் எடுக்கவில்லை. ஆனால் நாவலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருஷம், அகலம், வரிசை ஆகியவற்றுக்கு நகராட்சி வரைபடத்தையும் பழைய புகைப்படத்தையும் பாருங்கள். அந்த இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், எதற்குப் பயந்தார்கள், யார் எந்த வாசல் வழியாக நுழைய முடியவில்லை என்பதற்கு நாவலைப் பாருங்கள். வரைபடத்தோடு நாவல் முரண்படும் இடங்களைப் பிழை என்று அடித்துவிடாதீர்கள். அங்கேதான் பெரும்பாலும் ஏதாவது புதைந்திருக்கும்.

யாருடைய நினைவு எழுத்தாகிறது என்பதும் இதே கேள்வியின் பகுதிதான். தெரு இடிபடும்போது வெளியேற்றப்பட்டவர்களும், பிற்பாடு அந்தத் தெருவைப் பற்றி எழுதுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் அல்லர். எழுதுவதற்கு ஒரு மேசையும் சில ஆண்டுகள் ஓய்வும் வேண்டும், வீடு போனவர்களுக்கு இரண்டும் உடனே கிடைப்பதில்லை. மோதியானோ 1997இல் வெளியிட்ட ‘டோரா புரூடர்’ இந்தக் குற்ற உணர்ச்சியின் மேல் கட்டப்பட்ட புத்தகம். 1941 டிசம்பர் 31ஆம் தேதிப் பாரிஸ் நாளிதழில், காணாமல்போன 15 வயதுச் சிறுமியைத் தேடி அவள் பெற்றோர் கொடுத்த விளம்பரம் வந்திருந்தது. முகவரி, ஒர்னானோ சாலை 41. அந்தப் பகுதி மோதியானோவுக்குச் சிறு வயதிலிருந்து பழக்கமானது. பல ஆண்டுகள் அறியாமல் அவள் தெருவில் நடந்திருக்கிறார். விளம்பரத்தைப் பார்த்த பிறகு பதிவேடுகளையும் தெருக்களையும் துருவுகிறார். அவளும் அவள் பெற்றோரும் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது தெரிகிறது. வீட்டை விட்டு ஓடியிருந்த அந்த மாதங்களில் அவள் எங்கே இருந்தாள் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. அவர் அதைக் கற்பனையால் நிரப்பவில்லை. அது அவளுடைய ரகசியம் என்று விட்டுவிடுகிறார். நாவலாசிரியன் ஒருவன் கற்பனை செய்ய மறுப்பது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2015இல் பாரிஸ் நகரம் ஒரு நடைபாதைக்கு டோரா புரூடரின் பெயரை வைத்தது. புத்தகம் திரும்பிப் போய் நகரத்தில் எழுதிய சில சமயங்களில் இது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. மார்செல் புரூஸ்ட் சிறுவயது விடுமுறைகளைக் கழித்த இல்லியே என்ற ஊர், அவர் நாவலில் கொம்ப்ரே என்ற கற்பனைப் பெயரில் வந்தது. 1971இல், அவருடைய நூற்றாண்டையொட்டி, அந்த ஊர் தன் பெயரையே இல்லியே-கொம்ப்ரே என்று மாற்றிக்கொண்டது. கற்பனை ஊர் நிஜ ஊரின் பெயர்ப்பலகையில் ஏறிக்கொண்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் பெரிய நாவல்களைச் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக்கின் ‘இடங்கள்’ என்ற முயற்சியைச் சொல்வேன். 1969இல் அவர் தன் வாழ்க்கையோடு பிணைந்த 12 பாரிஸ் இடங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வோர் இடத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு முறை நேரில் உட்கார்ந்து கண்ணில் படுவதை மட்டும், இன்னொரு முறை வேறெங்காவது இருந்துகொண்டு நினைவிலிருந்து மட்டும். எழுதியதை உறையில் போட்டு முத்திரையிட்டுவிட வேண்டும். 12 ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பு. மொத்தம் 288 உறைகள். இடம் எப்படி மூப்படைகிறது, நினைவு எப்படி மூப்படைகிறது, எழுத்து எப்படி மூப்படைகிறது என்ற மூன்றையும் ஒரே தராசில் நிறுத்தப் பார்த்தார். பாதிகூட முடியாமல் 1975இல் கைவிட்டார். 1982இல் இறந்தார். எழுதியவரை 2022இல்தான் நூலாக வந்தது.

அந்த 12 இடங்களில் ஒன்று விலின் தெரு. பெரெக் சிறு வயதில் சில வருடங்கள் வளர்ந்த தெரு. 24ஆம் எண்ணில் அவர் தாய்க்குப் பெண்களுக்கான சிகை அலங்காரக் கடை இருந்தது. தந்தை 1940இல் போரில் இறந்தார். தாய் 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மகனுக்கு அந்தத் தெருவைப் பற்றி ஏறக்குறைய எந்த நினைவும் இல்லை. அந்த நிலையில் போய் நின்று குறிப்பெடுக்கிறார். எந்த எண்ணில் எந்தக் கடை, எது பூட்டியிருக்கிறது, எந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒரு சுவரில் ‘பெண்கள் சிகை அலங்காரம்’ என்ற எழுத்துகள் மங்கலாக இன்னும் தெரிகின்றன என்பதையும் பால் கடை, மதுக்கடை ஆகியவற்றை எழுதும் அதே குரலில் எழுதிவைக்கிறார். அம்மாவின் கடை என்று உருகவில்லை. அடுத்த ஆண்டு போகிறார், அதற்கடுத்த ஆண்டும் போகிறார், கடைகள் குறைகின்றன, தடுப்புச் சுவர்கள் கூடுகின்றன. விலின் தெருக் குறிப்புகள் மொத்தமே சில பக்கங்கள்தான், தனியாக வேறொரு நூலிலும் சேர்ந்திருக்கின்றன. முதலில் வேகமாக ஒருமுறை படியுங்கள், சலிப்பாக இருக்கும். பிறகு ஒரே வீட்டெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆண்டுவாரியாகப் படியுங்கள். 1975 செப்டம்பரில், இரவு இரண்டு மணிவாக்கில் எடுத்த கடைசிக் குறிப்பில் ஒற்றைப்படை எண் வீடுகளின் பக்கம் ஏறக்குறைய முழுவதும் சிமெண்டுத் தடுப்புகளால் மூடிக்கிடக்கிறது. அவற்றில் ஒன்றின் மேல் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்: உழைப்பு = சித்திரவதை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.